பின்கட்டு அறையின் செடிகள்

போன மாதம், நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று ஓர் அதிகாரியிடம் கையெழுத்து வாங்குவதற்காக, முன்பு வேலை பார்த்த அரசுத் தோட்டக்கலைப் பண்ணைக்குப் போயிருந்தேன். ஓய்வூதியக்காரர்கள் வருஷத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டிய வேலை அது. பண்ணை வாசலில் பச்சை வலை கட்டிப் புதிதாக ஒரு கொட்டகை போட்டிருந்தார்கள். வீட்டுக்குள் வைக்கும் செடிகளுக்கென்றே தனியாக. உள்ளே பிளாஸ்டிக் தொட்டிகளில் வரிசையாக மருள் நின்றது. எங்கள் பக்கத்து வேலியோரங்களில் ஆடுகூட வாய் வைக்காமல் கத்தி கத்தியாக நிற்குமே, அந்த மருள்தான். கொஞ்சம் சீமை ஜாதி, இலையோரத்தில் மஞ்சள் கோடு. பாங்குகளும் ஆஸ்பத்திரிகளும் ஏசி அறைக்கென்று கேட்டு வாங்கிப் போகிறார்களாம்.

கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் பெண் நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்கு வந்தவர். நாற்காலி எடுத்துப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"ஐயா, நீங்க வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து உள்செடி பாத்தவருன்னு சொல்றாங்க. இதுல எதுங்க ரொம்பக் கஷ்டம்?"

"பெரணி" என்றேன். "காத்துல ஈரம் கொறைஞ்சா ரெண்டே நாள்ல கருகிடும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பதில் எனக்கே பொய்யாகப் பட்டது. என்னை மிகவும் கஷ்டப்படுத்தியது பெரணி இல்லை. யார் வைத்தாலும் வளரக்கூடிய ஒரு கொடி. அதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பிறந்தது குன்னத்துக்குப் பக்கத்தில், அடுத்தவர் நிலத்தில் பருத்தி எடுத்துப் பிழைத்த தெருவில். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தேன். பதினாறாவது வயதில் அரியலூரில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியரின் பங்களாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனேன். அவருடைய மனைவியை நாங்கள் துரைசானி என்போம். அந்த அம்மாளுக்கு வராந்தாவிலும் ஹாலிலுமாக நாற்பது தொட்டிகள் இருந்தன. நாலு வருஷம் அந்த நாற்பதுதான் என் உலகம்.

முதல் வருஷம் முழுக்க நான் கற்றுக்கொண்டது தண்ணீர் ஊற்றாமல் இருப்பதைத்தான். வீட்டுக்குள் இருக்கும் செடி வாடிச் சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். தொட்டியை விரல் முட்டியால் தட்ட வேண்டும். கணீரென்றால் மண் காய்ந்திருக்கிறது, ஊற்றலாம். மொத்தென்றால் உள்ளே ஈரம் இருக்கிறது, நகர்ந்துவிட வேண்டும். துரைசானி நாற்காலியில் உட்கார்ந்தபடி நான் தட்டுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். தவறான தொட்டிக்கு நான் குவளையைச் சாய்த்தால் திட்டமாட்டார். ஒரு தரம் தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். இன்றைக்கும் யாராவது பின்னாலிருந்து செருமினால் என் கை நின்றுவிடுகிறது.

அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் ஒரு மாதத்தில் தொட்டியின் வெளிப்புறம் வெள்ளை பூத்துவிடும், பெரணியின் இலையோரம் தீய்ந்துவிடும். அதனால் ஓட்டிலிருந்து வழியும் மழைத் தண்ணீரை ஒரு தொட்டியில் பிடித்து மூடி வைத்திருப்போம். பெரணிக்கு அதிலிருந்துதான் ஊற்றுவது. வீட்டுக்குள் எந்தச் செடியும் பத்து நாளுக்கு மேல் நிற்காது. ஒன்று உள்ளே நின்றால் அதன் ஜோடி வெளியே நிழலில் ஓய்வெடுக்கும். பிறகு மாற்றுவோம். இலையைத் துடைக்கும்போது ஒரு உள்ளங்கையை அடியில் கொடுத்துத்தான் மேலே ஈரத்துணி போட வேண்டும். இவ்வளவும் பழகிய பிறகு யுத்தம் வந்தது. எஞ்சினியருக்கு வடக்கே மாற்றல் ஆயிற்று. தொட்டிகளை மொத்தமாக விற்றுவிட்டார்கள்.

வாங்கியவர் பெரம்பலூரில் பெரிய நிலக்காரர். வெள்ளைக்காரர் பங்களாவில் பனையும் குரோட்டனும் பார்த்துவிட்டு, தம் வீட்டுக் கூடத்திலும் அதே மாதிரி வேண்டும் என்று ஆசைப்பட்டவர். அந்த நாளில் தாசில்தார் வந்து போகும் வீடுகளில் அது ஒரு மோஸ்தர். வைக்கோல் அடைத்து, ஈரச் சாக்குப் போர்த்தி, மூன்று மாட்டு வண்டிகளில் நாற்பது தொட்டிகளும் போயின. இவற்றைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் என்று கூடவே என்னையும் அனுப்பினார்கள். எனக்கு அப்போது இருபது வயது.

அந்த வீட்டில் நான் போகக் கூடிய எல்லை பின்கட்டுத் தோட்டம்வரைதான். துரைசானியின் ஹாலில் முழங்கால் போட்டுத் தரை துடைத்தவன் நான். இங்கே வாசற்படிக்கு இந்தப் பக்கம் நிற்க வேண்டும். யாரும் அதை எனக்குச் சொல்லவில்லை. எனக்கே தெரியும். உள்வேலைக்காரர்கள் தொட்டிகளைத் தூக்கி வந்து தோட்டத்தில் வைப்பார்கள். நான் துடைத்து, தண்ணீர் பார்த்து, ஜோடியை மாற்றிக் கொடுப்பேன். அவர்கள் உள்ளே கொண்டுபோவார்கள். எங்கே வைக்கிறார்கள் என்று நான் பார்த்ததில்லை. செடிகளை வைத்தே தெரிந்துகொள்வேன். இலையில் புகைக்கரி படிந்திருந்தால் விளக்குப் பக்கம் நின்றிருக்கிறது. ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் முற்றத்தின் வெளிச்சம் அந்தத் திசை. தொட்டி மண்ணில் வெற்றிலை எச்சில் கிடந்தால் விருந்தாளி வந்திருக்கிறார்.

எனக்கு மேலாள் காரியஸ்தர் வைத்திலிங்கம். மெலிந்த மனிதர், எப்போதும் குடை வைத்திருப்பார். அவர் என்னிடம் நேராகப் பேசியதே இல்லை. ஏதாவது ஒரு செடியைப் பார்த்துப் பேசுவார். "இந்தப் பனை ரெண்டும் நாளைக்கு உள்ள வரணும், கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து ஆளு வர்றாங்க" என்று பனையிடம் சொல்வார். நானும் பனையைப் பார்த்தே "சரிங்க" என்பேன். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஒரு தரம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது, குரோட்டன் செடியிடம் "ரெண்டு நாள் படுத்து எந்திரிச்சு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் போய்ச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். ஒரு நாள் அவர் அந்தக் குரோட்டன் பக்கத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார்.

"பின்கட்டு ரூமுக்கு நாலு செடி வெக்கணும்" என்றார். "திருச்சி டாக்டரு சொல்லிட்டாரு, கண்ணுக்குப் பச்சையா ஏதாச்சும் இருக்கட்டும்னு. வெச்சவனே தெனம் போயிப் பாத்துக்கணும். வாசப்படி தாண்டலாம். பெரியம்மா ஒத்துக்கிட்டாங்க."

பெரியம்மா என்பது நிலக்காரரின் தாயார். பின்கட்டு அறையில் இருந்தது அவருடைய மருமகள், தனபாக்கியம் அம்மா. அவருக்கு டி.பி. அந்தக் காலத்தில் அதற்கு ஊசியும் கிடையாது, மாத்திரையும் கிடையாது. அறையிலிருந்து கூடத்துப் பக்கம் திறக்கும் கதவை ஆணி அடித்து மூடியிருந்தார்கள். தோட்டத்துப் பக்கக் கதவு மட்டும் உண்டு. ஒரு வேலைக்காரம்மா சோற்றுத் தட்டைப் படியில் வைத்துவிட்டு, குரல் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். உள்வேலைக்காரர் யாரும் அந்த அறைக்குள் போக மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் எனக்கு உத்தரவு. அந்த வீட்டில் நான் தாண்டிய ஒரே வாசற்படி அது.

முதல் நாள், நல்லதாகப் பொறுக்கி, செக்கச் சிவந்த குரோட்டன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன்.

"அங்கயே நில்லு" என்று குரல் வந்தது. "துண்ட எடுத்து மூக்கச் சுத்திக் கட்டிக்க. கட்டிட்டு வா."

கட்டிக்கொண்டு உள்ளே போனேன். கட்டிலில் ஒரு ஒல்லியான அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது.

"உன் பேரு?"

"மாரிமுத்துங்க."

"இது என்ன செடி?"

"குரோட்டன்ங்கம்மா. ஆனா உள்ள வந்து பாத்த பொறவு யோசனையா இருக்குங்க. இது வெயிலு கேக்கும். இந்த ரூமு வெளிச்சம் பத்தாது. இங்கயே வெச்சா சேப்பெல்லாம் போயி வெறும் பச்சையாயிடும்."

அவர் முந்தானைக்குள் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று.

"அப்ப வேணாம். இங்க வந்து நெறம் போறதுக்கு நான் ஒருத்தி போதும்."

இப்படித்தான் அந்த அறைக்குச் செடி தேர்ந்தோம். ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் காட்டினேன், ஒவ்வொன்றின் குணத்தையும் சொன்னேன். மருளைக் கண்டதும், "எங்க விக்கிரமங்கலத்துல வேலியெல்லாம் இதுதானே, இதுக்குப் போயித் தொட்டியா" என்றார். பத்து நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் சாகாது என்று சொன்னதும், "இருக்கட்டும்" என்றார். அகல இலைச் செடி ஒன்று. இருட்டு மூலையிலும் சோர்ந்து போகாது. பெரணி ஒன்று, ஜன்னலோரம், ஈரமணல் தட்டின் மேல். நாலாவது ஒரு கொடி. பச்சை இலையில் மஞ்சள் தெளித்த மாதிரி இருக்கும். இன்றைக்கு மணி பிளான்ட் என்று எல்லா வீட்டிலும் பாட்டிலில் நிற்கிறது. அன்றைக்கு எங்களுக்கு அது பேர் தெரியாத கொடி.

காலையில் தட்டிப் பார்த்துத் தண்ணீர் ஊற்றப் போவேன். மாலையில் பெரணித் தட்டின் மணலை நனைக்கப் போவேன். அந்த இரண்டு வேளைதான் அவர் தினமும் இன்னொரு மனித முகத்தைப் பார்த்தது. அதுவும் துண்டுக்கு மேலே தெரிகிற பாதி முகம். நிலக்காரர் வெள்ளிக்கிழமை தோறும் தோட்டத்தில் வந்து ஜன்னலுக்கு நாலடி தள்ளி நிற்பார். "சாப்டியா?" என்பார். "சாப்டேன்" என்பார் அந்த அம்மா. "மருந்து?" "குடிச்சேன்." பிறகு அவர் பெரணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அவர்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை.

நான் அந்த அறைக்குள் போய்வருகிற செய்தி எங்கள் தெருவுக்கும் எட்டியது. பெரம்பலூரில் என் அத்தை வீட்டில்தான் சாப்பாடு. ஒரு நாள் என் தட்டு மட்டும் வெளியே கல்லின் மேல் கவிழ்த்து வைத்திருந்தது. அத்தை அழுதுகொண்டே பரிமாறினாள். அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் இருந்தன. பூலாம்பாடியில் எனக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். நான் தொட்டி வைக்கும் கொட்டகைக்கே என் பாயைக் கொண்டுவந்துவிட்டேன். வேலையை விட்டிருக்கலாம். ஏன் விடவில்லை என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். நான் வரும் நேரத்துக்காக ஒருவர் காத்திருந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை.

ஒரு நாள் அவர் கொடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"இது எதப் பாத்து வளரும் மாரி?"

"வெளிச்சம் எங்கேர்ந்து வருதோ அங்க போவுங்க. நாம கட்டிவிட்டா கட்டின வழியில போவும்."

கட்டிலுக்கு எதிர்ச் சுவரின் உச்சியில் ஒரு வென்டிலேட்டர் இருந்தது. கம்பியில்லாத, ஒரு முழ அகலத் துவாரம். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கூடம். முற்றத்து வெளிச்சம் அதன் வழியே ஒரு சின்னச் சதுரமாக அறைக்குள் விழும். அவர் அதைக் காட்டினார்.

"அது வழியா அனுப்ப முடியுமா?"

"முடியுங்க. நாளாவும்."

"எனக்கு என்ன அவசரம்? அவரு சாயங்காலத்துல அங்க உக்காந்துதான் பேப்பர் படிப்பாரு. மேல பாத்தா தெரியணும், அவ்வளவுதான்."

கார்த்திகையில் ஆரம்பித்தோம். சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். கொடியின் வேர்நுனி அதில் பட்டதும் கருகியது. பழைய மரப்பட்டைகளை ஊறவைத்து, ஆணியில் மாட்டி ஏணி மாதிரி மேலே கொண்டுபோனேன். கயிறு தண்டை அறுக்கும் என்று பழைய வேட்டியைக் கிழித்துத் தளர்வாகக் கட்டினேன். நுனியைத் தொடக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தேன். "நுனியக் கிள்ளிட்டா நீளமாப் போவாது, பக்கத்துக் கணுவுல ரெண்டு மூணா வெடிச்சிடும்." அவர் கட்டிலில் படுத்தபடியே இலை எண்ணுவார். புது இலை சுருள் பிரியும் நாளில் நான் படியேறும்போதே சொல்லிவிடுவார். மாசியில் நுனி வென்டிலேட்டரின் விளிம்பைத் தொட்டது. பங்குனி பிறப்பதற்குள் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

"இப்ப எப்படித் தெரியுது அங்கேர்ந்து?" என்று ஆவலாகக் கேட்டார்.

"தெரியலைங்கம்மா."

"போயிப் பாரேன்."

"நான் கூடத்துக்குள்ள போனதில்லைங்க."

அவர் என்னையே பார்த்தார். அந்த வீட்டில் ஆறு வருஷம் வாழ்ந்தவர், இதை யோசிக்க வேண்டிய தேவையே அவருக்கு வந்திருக்காது. பிறகு, "நான் சொல்றேன், நீ கேட்டுக்க" என்றார். கூடம் முழுவதையும் சொன்னார். ஊஞ்சல் எங்கே, கடிகாரம் எங்கே, எந்தத் தூணில் விரிசல், முற்றத்து வெயில் எத்தனை மணிக்கு எந்தக் கல்லுக்கு வரும் என்று. வென்டிலேட்டருக்கு நேர் கீழே அவர்களுடைய கல்யாணப் படம் மாட்டியிருக்கிறதாம்.

"ரெண்டு முழம் எறங்குனா படத்துக்கு வந்துடும்" என்றார்.

அதன் பிறகு அறைக்குள் புது இலையைப் பார்க்க முடியாது. எல்லாம் அந்தப் பக்கம். இரண்டு பேரும் பார்க்காத ஒன்றை இரண்டு பேரும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். வெயில் ஏறிவிட்டது, வாரத்துக்கு ஓர் இலை வரும், இந்நேரம் படச்சட்டத்துக்கு ஒரு சாண்தான் இருக்கும் என்று.

சித்திரையில் ஒரு காலை, பின்கட்டுக் குப்பைமேட்டில், கூடத்தைப் பெருக்கிக் கொட்டிய குப்பையோடு அந்தக் கொடி கிடந்தது. ஏழு இலை. கத்தியால் ஒரே வெட்டு. நுனியில் சுருள் பிரியாத இலை ஒன்று பச்சையாகவே இருந்தது. நான் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது காரியஸ்தர் வந்தார். பக்கத்திலிருந்த பனையிடம் பேசினார்.

"பெரியம்மாவுக்குப் புடிக்கல. அந்த ரூமுக் காத்து இதப் புடிச்சிக்கிட்டு உள்ள வந்துடும்னு பயம். அந்த ரூமு அம்மாகிட்ட இதச் சொல்ல வேணாம். தெரிஞ்சா அவங்க மனசு ஒடஞ்சிடும்."

நான் சொல்லவில்லை. அன்று மாலை அவர், "படத்துக்கு வந்திருக்குமா?" என்று கேட்டார். "வந்திருக்குங்கம்மா" என்றேன். மறுநாளும் கேட்டார். "தொட்டிருக்குங்க" என்றேன். இருபது நாள் இப்படிப் போயிற்று. பொய் சொல்லச் சொல்ல எனக்கு அது பழகிவிட்டது. இலை எப்படி மடிந்து சட்டத்தின் மேல் கிடக்கும் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

பிறகு ஒரு நாள் காலையில் நான் உள்ளே போனபோது அவர் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். வென்டிலேட்டருக்குக் கீழே.

"மாரி, இங்க வந்து பாரு."

பார்த்தேன். வென்டிலேட்டருக்கு இந்தப் பக்கம், தண்டின் கடைசி இரண்டு கணுக்களில் புதிதாக மூன்று முளை வெடித்திருந்தது.

"நுனியக் கிள்ளுனாத்தானே இப்படி வரும்?" என்றார். "நீதானே சொன்னே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"எப்ப வெட்டுனாங்க?"

"சித்திரை ஆரம்பத்துலங்க."

"அவ்வளவு நாளாவா?" குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெல்லப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். "வெட்டுனா வெட்டட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். வெட்டுறதுக்கு முன்னால அவரு அதப் பாத்தாரா?"

"தெரியலைங்கம்மா."

"ஆமா. உனக்கு எப்படித் தெரியும்."

அன்று பகல் முழுக்க நான் ஒரு தொட்டியையும் தொடவில்லை. மாலை நிலக்காரர் வயலுக்குப் போய்விட்டுக் கூண்டு வண்டியில் வந்து வாசலில் இறங்கினார். நான் தெருவில் போய் நின்றேன். அந்த வீட்டின் முன்வாசலுக்கு நான் வந்தது அதுதான் முதல் தரம். வண்டிக்காரன் என்னை முறைத்தான். எங்கள் ஆட்கள் அவரிடம் நேராக நின்று கேள்வி கேட்பது என்பது அந்தக் காலத்தில் நடக்கிற காரியம் இல்லை. உதை விழலாம், வேலை போகலாம். இரண்டுக்கும் தயாராகத்தான் நின்றேன்.

"ஐயா, ஒண்ணு கேக்கணுங்க."

"என்னடா?"

"கூடத்துச் செவுத்துல கொடி ஒண்ணு எறங்கி வந்துச்சுங்களே. அத ஐயா பாத்தீங்களான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."

கேட்கச் சொல்லவில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அவர் வண்டியின் நுகத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டிக்காரனைப் பார்த்து, "மாட்ட அவுத்துக் கட்டு, போ" என்றார். அவன் போகும்வரை பேசவில்லை.

"பாத்தேன்" என்றார். "மொத எலை எட்டிப் பாத்த அன்னைக்கே பாத்தேன். வெட்டுனது எங்க அம்மா இல்ல. நான்தான்."

அவர் நுகத்தடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"தெனம் கொஞ்சம் கொஞ்சமா எறங்கி வந்துச்சுடா. பேப்பரப் பிரிச்சா ஒரு எழுத்து ஓடல. ஊஞ்சல வேற பக்கம் திருப்பிப் போட்டுப் பாத்தேன். முதுகுக்குப் பின்னால வர்ற மாதிரியே இருந்துச்சு. படத்துக்கிட்ட வந்த அன்னைக்கு..." நிறுத்திக்கொண்டார். "நாலடி தள்ளி நிக்கிறதுக்கே எனக்கு உசுரு நடுங்குது. நீ எப்படித் தெனம் உள்ள போறே?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு பின்கட்டுக்கு வந்தேன். அந்தத் தூரம் அவ்வளவு நீளமாக எனக்கு எப்போதும் இருந்ததில்லை. பார்த்தார் என்று மட்டும் சொல்லிவிடலாம். வெட்டியது பெரியம்மாதான் என்றே இருக்கட்டும். ஆனால் இருபது நாள் சொன்ன பொய்யை ஒரு கணு காட்டிக்கொடுத்துவிட்டது. இன்னொரு பொய்யை அந்த முகத்துக்கு முன்னால் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கேட்டது, பார்த்தது, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். ஊஞ்சலைத் திருப்பிப் போட்டது உட்பட.

அவர் நெடுநேரம் பெரணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனம் பாத்திருக்காரு" என்றார் கடைசியில். அதையே இன்னொரு தரம், தனக்குத் தானே சொல்லிக்கொள்வது போல. பிறகு, "மணல் காஞ்சு கெடக்கு, நனைச்சிட்டுப் போ" என்றார்.

என்னை யாரும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அந்த வெள்ளிக்கிழமை நிலக்காரர் வந்தபோது நான் கொட்டகையில் இருந்தேன். வழக்கமான இடத்தில்தான் நின்றார். ஆனால் இருட்டும்வரை நின்றார். பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. என் காதில் ஒன்றும் விழவில்லை.

ஆனி மாதம் தூர ஊர் ஒன்றில் மலைமேல் இருந்த காசநோய் ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது. ஒரு மோட்டார் கார் தோட்டத்துக் கதவுவரை வந்தது. நிலக்காரர் முன்ஸீட்டில் உட்கார்ந்தார். கண்ணாடியை இறக்கிவிட்டு அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"புது முளை மூணையும் அது இஷ்டத்துக்கு விட்டுடு. எங்கயும் கட்டிவிடாதே" என்றார்.

"சரிங்கம்மா. போயிட்டு வாங்க."

"வரேன்" என்றார். அவர் தம் மூன்று விரலை உயர்த்திக் காட்டினார். முளையைச் சொன்னாரா, மூன்று மாதத்தைச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. கார் போய்விட்டது.

மூன்று மாதம் ஆயிற்று. ஐப்பசியில் நல்ல மழை. மழைத் தண்ணீரை நிறையப் பிடித்து வைத்தேன். அறை பூட்டியே கிடந்தது. தினமும் காலையில் கதவைத் திறந்து தட்டிப் பார்த்துவிட்டு வருவேன். மார்கழியில் ஒரு காலை காரியஸ்தர் வந்து என் முன்னால் நின்றார். சுற்றிலும் இருபது செடி இருந்தும் எதைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"தந்தி வந்துச்சு" என்றார். "அந்த ரூம கழுவி வெள்ளையடிக்கணும். உள்ள இருக்குற தொட்டிய எல்லாம் எங்கயாச்சும் கொண்டுபோயிடு."

காரியம் அவர்கள் வீட்டில் நடந்தது. நான் தோட்டத்தில் இருந்தேன். கூடத்திலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. நான் அழுவதற்கு அங்கே எனக்கு இடமில்லை. எங்கள் தெருவுக்குப் போனால் அந்த அம்மாவை அறிந்தவர் யாருமில்லை. வேலை இருந்தது. எல்லாத் தொட்டிகளையும் தட்டிப் பார்த்து, ஊற்ற வேண்டியதற்கு ஊற்றினேன்.

நாலு தொட்டிகளையும் பெரம்பலூரில் யாரும் சும்மா கொடுத்தாலும் வாங்கவில்லை. எந்த அறையிலிருந்து வந்தவை என்று ஊருக்கே தெரியும். கொடியை மரப்பட்டைகளோடு சுவரிலிருந்து பிரித்துச் சுருட்டி, நாலையும் அரியலூருக்குப் போகும் ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். ரயில்வே ஸ்டேஷனில் எஞ்சினியர் காலத்திலிருந்து என்னைத் தெரிந்த ஒரு போர்ட்டர் இருந்தார். அவர் ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்டு, பிளாட்பாரத்தில் காத்திருப்போர் பெஞ்சு ஓரமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். இரண்டு பக்கமும் இரண்டிரண்டாக வைத்தேன். இலைகளைத் துடைத்தேன். பிறகு எனக்குப் போக இடம் தோன்றாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

திருச்சி வண்டிக்குக் காத்திருந்த ஒரு அம்மாள், மடியில் மூட்டையோடு, வந்து அதே பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் செடிகளைப் பார்த்தார்.

"நல்லாருக்கே தம்பி. உங்க செடியா?"

"இல்லைங்க. ஒரு அம்மாவோடது."

"அவங்க வரலியா?"

நான் துடைத்த இலையையே மறுபடி துடைத்தேன். அந்த அம்மாள் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார். என் தெரு எது, சாதி எது என்று அவர் கேட்கவில்லை.

"சொல்லு தம்பி, வண்டி வர நேரம் இருக்கு" என்றார்.

சொன்னேன். வண்டி வரும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.